பாம்பன் பாலத்தின் சிறுமாதிரி: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

பழைய பாம்பன் ரயில் பாலத்தை ஹெச்ஓ எனப்படும் 1:87 அளவில் முழுமையாகச் செய்து வைக்க எவருடைய வீடும் போதாது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 2,065 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 23.7 மீட்டர் வந்துவிடுகிறது. ஆகவே இதைச் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் நடுவில் கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குக் கண்ணையும் (கண் என்பது இரு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப்பகுதி), அதன் இருபுறமும் நான்கு நான்காக, கர்டர் எனப்படும் உத்தரங்களால் ஆன 40 அடி கண்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 225 அடி தூக்குக் கண் 788 மில்லிமீட்டராகவும், கர்டர் ஒவ்வொன்றும் 140 மில்லிமீட்டராகவும் அமைவதால், தூண்களின் தலைப்பையும் சேர்த்து சுமார் 2 மீட்டர் நீளமுள்ள மாதிரி கிடைக்கிறது. 2007-இல் அகலப்பாதையாக மாற்றப்படுவதற்கு முந்தைய பாலத்தைச் செய்பவர்கள் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தையும், பிந்தையதைச் செய்பவர்கள் கடையில் எளிதாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தையும் பயன்படுத்துகிறார்கள். கீழே வரும் பிழைகள் இரண்டுக்கும் பொதுவானவை.

நான் இதே பாலத்தை இருமுறை செய்திருக்கிறேன். முதலாவது இப்போது பரணில் இருக்கிறது. அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்ததில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: பாலத்தின் மேல் தெரியும் கோளாறில் பெரும்பகுதி பாலத்தில் இல்லை, பாலம் வந்து உட்காரும் இரு கரைகளில் இருக்கிறது. எனவே எந்த அறிகுறியாக இருந்தாலும், கர்டரில் கத்தியை வைக்கும் முன் கரைகளைச் சோதித்துவிடுங்கள்.

சோதனைக்கு வேண்டியவை அதிகமில்லை. 30 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல், செல்போன் டார்ச், தையல் நூல், மல்டிமீட்டர், சக்கரங்களின் இடைவெளியை அளக்கும் தகட்டு அளவி, அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலம், உங்களிடம் உள்ளவற்றிலேயே மிக நீளமான பெட்டி ஆகியவை இருந்தால் போதும்.

அறிகுறி: வண்டி பாலத்தின் வாயிலில் தடம் புரள்கிறது

முதலில், புரள்வது ஒரே பெட்டியா, எல்லாப் பெட்டிகளுமா என்று பாருங்கள். ஒரே பெட்டி வெவ்வேறு இடங்களில் புரண்டால் குற்றம் அதன் சக்கரத்தில். வெவ்வேறு பெட்டிகள் ஒரே இடத்தில் புரண்டால் குற்றம் தடத்தில். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பாலத்தைக் கழற்றியவர்கள் பலர்.

பெட்டிதான் காரணம் என்றால், சக்கரங்களின் உள்ளிடைவெளியை அளவியால் சரிபார்த்துவிட்டு, பெட்டியைத் தராசில் வையுங்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ ஹெச்ஓ பெட்டிகளுக்குப் பரிந்துரைக்கும் எடை, 1 அவுன்சுடன் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ் ஆகும். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பெயரால் அழைக்கப்படும் பழைய வகைப் பயணிகள் பெட்டி இந்த அளவில் ஏறக்குறைய 245 மில்லிமீட்டர் நீளம் இருப்பதால், அது சுமார் 165 கிராம் இருக்க வேண்டும். அட்டையிலும் ஸ்டைரீன் எனப்படும் பிளாஸ்டிக் தகட்டிலும் வீட்டில் செய்த பெட்டிகள் பெரும்பாலும் இதில் பாதிகூட இருப்பதில்லை. தரையோடு ஒட்டித் தூண்டில் ஈயக்குண்டுகளைப் பதித்துவிட்டால் அவற்றின் துள்ளல் அடங்கிவிடும்.

தடம்தான் காரணம் என்றால், ஸ்டீல் ஸ்கேலை நெட்டுக்குத்தாக, அதன் விளிம்பு தண்டவாளத்தின் தலையில் படியுமாறு, பாதி கரையிலும் பாதி பாலத்திலும் இருக்கும்படி வையுங்கள். விளக்கை அணைத்து, ஸ்கேலுக்குப் பின்னால் டார்ச்சை ஏற்றி, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். பொருத்தம் சரியாக இருந்தால் ஸ்கேலுக்கு அடியில் ஒளிக்கோடே தெரியாது. கரைப்பக்கம் மட்டும் வெள்ளிக் கம்பிபோல ஓர் ஒளி கசிந்தால், கரை இறங்கியிருக்கிறது என்று பொருள். என் முதல் மாதிரியில் கரைமேட்டைத் தெர்மாகோலில் செதுக்கி மேலே பிளாஸ்டர் பூசியிருந்தேன். ஒரு மாதத்தில் அது அரை மில்லிமீட்டர் அளவுக்கு அமிழ்ந்தது; நான் அதை அறியாமல் பாலத்தின் மேலிருந்த தண்டவாளத்தை இருமுறை மாற்றிப் போட்டேன்.

இதைச் சரிசெய்யக் கரைத்தண்டவாளத்தை மட்டும் தூக்கி அடியில் அட்டைத்துண்டு செருகுவது போதாது; சில வாரங்களில் அது மீண்டும் இறங்கும். கரைமேட்டின் உள்ளே பிளைவுட்டில் ஒரு தாங்கியை அடிப்பலகையோடு திருகி நிறுத்தி, தண்டவாளமும் பாலத்தின் முனையும் அந்த ஒரே தாங்கியின் மேல் உட்காருமாறு செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றாக ஏறலாம், ஒன்றாக இறங்கலாம். ஒன்றைவிட்டு ஒன்று நகரக்கூடாது. இன்னொன்று: தண்டவாள மூட்டைச் சரியாக வாயிலின் மேலேயே அமைக்காதீர்கள். மூட்டு கரைப்பக்கம் ஓரிரு அங்குலம் தள்ளி இருந்தால், முழுத் தண்டவாளமே அந்த இடைவெளியைத் தாண்டிப் பாலமாகிவிடும்.

அறிகுறி: எஞ்சின் பாலத்தின் மேல் தயங்குகிறது அல்லது நின்றுவிடுகிறது

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட் முழுதாக வருகிறது, ஆனாலும் வண்டி நிற்கிறது என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம். சுமையில்லாமல் அளந்தால் எந்தக் கெட்ட மூட்டும் முழு வோல்ட்டைத்தான் காட்டும். எஞ்சினைப் பாலத்தின் மேல் நிறுத்தி, அது நகராதபடி விரலால் மெல்லத் தடுத்து, சக்கரங்கள் வழுக்கிச் சுழலும் ஓரிரு விநாடிகளுக்குள், முதலில் கரையிலும் பிறகு பாலத்திலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால், இரு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு உலோகத் துண்டான ஜாயினர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தவில்லை. ஜாயினர் தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும் கருவியே தவிர மின்கம்பி அல்ல. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது விரைவில் கறுத்துப்போகும். பாலத்தின் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியே ஒரு மெல்லிய வயரைத் தண்டவாளத்தின் வெளிப்புறத்தில் சால்டர் செய்து, தூணின் பின்முகத்தில் ஒரு காடி வெட்டி, அதன் வழியாக அடிப்பலகைக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.

எஞ்சின் தயங்காமல், மின்சாரமே முற்றிலும் துண்டித்துப் போனால் அது வேறு கோளாறு. பாலங்களின் மேல் ஓடும் தண்டவாளத்துக்கு உட்புறமாகக் காப்புத் தண்டவாளங்கள் இரண்டு இருக்கும். அவற்றை உண்மையான உலோகத்தில் போட்டிருந்து, அவை இரண்டும் பித்தளைத் தளத்தின் வழியே ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால், இருபுறமும் அகலமான சக்கரங்கள் ஓடும் தண்டவாளத்தையும் காப்புத் தண்டவாளத்தையும் ஒரே நேரத்தில் தொடும்போது குறுக்குச் சுற்று ஏற்படும். சில பெட்டிகளில் மட்டும், சில நேரங்களில் மட்டும் வருவதால் இதைக் கண்டுபிடிப்பது எரிச்சலூட்டும் வேலை. காப்புத் தண்டவாளத்தைப் பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களின் மேல் மட்டும் பதித்து, எந்த உலோகத்தோடும் சேராமல் தனித்து விட்டுவிட்டால் தீர்ந்தது. அதன் தலை ஓடும் தண்டவாளத்தைவிடச் சற்றே தாழ்ந்திருப்பதும் நல்லது.

அறிகுறி: கர்டர் நடுவில் தொய்கிறது

கர்டரின் இரு முனைகளுக்கும் இடையே தண்டவாளத்தின் தலையை ஒட்டி நூலை இழுத்துக் கட்டி, நடுவில் சர்க்கரைப் பொட்டலத்தை வையுங்கள். அரைக்கிலோ என்பது கனமான ஒரு ஹெச்ஓ எஞ்சினின் எடைக்கு நிகரானது. நூலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தால் கர்டருக்கு வலு போதவில்லை.

140 மில்லிமீட்டர் கர்டரில் இது அரிதாகவே நிகழும். இரண்டு கண்களை ஒன்றாக்கி, நடுவிலுள்ள தூணை விட்டுவிட்டவர்களுக்குத்தான் இது வருகிறது. ஏனென்றால் கண்ணின் நீளம் இரட்டிப்பானால் அதே எடைக்குத் தொய்வு எட்டு மடங்காகும். உத்தரத்தின் உயரத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகும் என்பதும் இதே கணக்கின் மறுபக்கம். பாலத்தின் தோற்றத்தைக் கெடுக்காமல் வலுவைக் கூட்ட, 6 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பித்தளைப் பட்டையைப் படுக்கையாக அல்லாமல் நிமிர்த்திய நிலையில், கர்டரின் உட்சுவரில் அரல்டைட் இட்டு ஒட்டுங்கள். படுக்க வைத்த பட்டை பயனற்றது. ஒரு ஸ்கேலை இரு விதமாகவும் வளைத்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். ஸ்டைரீன் நீண்டகாலச் சுமையில் மெல்ல மெல்ல வளைந்து, பிறகு திரும்பாது என்பதால், வலுவூட்டாத பாலத்தின் மேல் எஞ்சினை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டாம்.

அறிகுறி: செய்தபோது நேராக இருந்த பாலம் பின்னர் முறுக்கிக்கொள்கிறது

ஸ்டைரீனில் செய்ததென்றால், இரண்டு தகடுகளை முகத்தோடு முகம் ஒட்டும்போது கரைப்பான் பசையை அதிகமாக விட்டிருப்பீர்கள். நடுவில் சிக்கிய கரைப்பான் வெளியேற வாரங்கள் ஆகும். வெளியேறும்போது அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும். உள்தகட்டில் ஆங்காங்கே சிறு துளைகள் இட்டு, விளிம்புகளில் மட்டும் பசையைத் தொட்டு, கண்ணாடியின் மேல் கனம் வைத்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பால்சா எனும் இலேசான மரத்திலோ மெல்லிய பிளைவுட்டிலோ செய்ததென்றால், ஒருபக்கம் மட்டும் தண்ணீர் கலந்த வண்ணத்தைப் பூசியதே காரணம். இருபுறமும் முதலில் வார்னிஷால் அடைத்துவிட்டுப் பிறகு வண்ணம் பூச வேண்டும். ஏற்கனவே முறுக்கிய மரத்தை மறுபக்கம் ஈரம் காட்டி, எதிர்த்திசையில் சற்று மிகையாக வளைத்துக் கட்டி வைத்தால் ஓரளவு மீட்கலாம். முறுக்கிய ஸ்டைரீனை மீட்க நான் இதுவரை நம்பத்தகுந்த வழி எதையும் பார்த்ததில்லை. வெந்நீரில் போட்டு நேராக்க முயன்றவர்கள் மேலும் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: காலையில் நேராக இருக்கும் தண்டவாளம் பிற்பகலில் நெளிகிறது

மொட்டைமாடி அறையில் மாதிரி வைத்திருப்பவர்களுக்கு இது சித்திரை மாதத்தில் தவறாமல் வரும். 900 மில்லிமீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 14 டிகிரி சூடேறினால் சுமார் 0.2 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள ஸ்டைரீன் பாலமோ சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். இரண்டையும் முழுநீளத்துக்கு ஒட்டி, இரு முனைகளையும் கரையோடு சால்டர் செய்து இறுக்கிவிட்டால், அந்த வேறுபாடு போக இடமில்லாமல் பக்கவாட்டில் பிதுங்குகிறது.

பாலத்தின் ஒரு முனையை மட்டும் தாங்கியோடு இறுக்குங்கள். மறுமுனை தாங்கியின் மேல் சும்மா உட்கார்ந்து வழுக்கட்டும். பெரிய கர்டர் பாலங்களிலும் ஒரு முனை நிலைத்தும் மறுமுனை நகரத்தக்கதாகவும்தான் அமைக்கப்படுகின்றன. தண்டவாளத்தை ஸ்லீப்பர்களோடு நடுவில் மட்டும் ஒட்டி, நகரும் முனையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அந்த ஜாயினரைச் சால்டர் செய்யாமல் விட்டுவிட வேண்டும். இந்த இடைவெளியைக் குளிர்ந்த மார்கழிக் காலையில் அளந்துவிட வேண்டும். வெயில் நேரத்தில் அதே ஒரு மில்லிமீட்டரை விட்டால் குளிரில் அது அளவுக்கு மீறித் திறந்து சக்கரத்தைத் தட்டும்.

அறிகுறி: பெட்டி தூக்குக் கண்ணின் சட்டத்தில் உரசுகிறது

உண்மையான பாலம் நேரானது என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. வீட்டில் இடம் போதாமல், தூக்குக் கண் முடிந்தவுடனேயே வளைவைத் தொடங்கிவிடுகிறோம். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்புறமாகவும் முனைகள் வெளிப்புறமாகவும் தள்ளிக்கொள்ளும். சக்கரக்கூடுகளின் மையங்களுக்கு இடையேயான தூரத்தை வர்க்கப்படுத்தி, வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் நடுப்பகுதி எவ்வளவு தள்ளும் என்பது கிடைக்கும். ஐசிஎஃப் பெட்டிக்கு அந்தத் தூரம் 170 மில்லிமீட்டர். 600 மில்லிமீட்டர் ஆரத்தில் 6 மில்லிமீட்டர் தள்ளும். முனைகளுக்கு, பெட்டி நீளத்தின் வர்க்கத்திலிருந்து மேற்சொன்ன வர்க்கத்தைக் கழித்து, அதே எண்ணால் வகுக்க வேண்டும். ஐசிஎஃப் பெட்டிக்கு ஆறரை மில்லிமீட்டரும், அதைவிட நீளமான புதிய வகை எல்எச்பி பெட்டிக்கு 9 மில்லிமீட்டரும் வரும். ஐசிஎஃப் பெட்டியை ஓட்டிப் பார்த்துச் சரி என்று முடிவுசெய்த பாலத்தில் எல்எச்பி பெட்டி உரசுவது இதனால்தான். பெட்டி முழுநீளமும் நேரான தடத்துக்குள் வந்த பிறகே சட்டம் தொடங்குமாறு, வளைவுக்கும் தூக்குக் கண்ணுக்கும் இடையில் குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்த்தடம் விடுங்கள். கர்டர் கண்களுக்குப் பக்கச்சட்டம் இல்லாததால் வளைவைத் தவிர்க்க இயலாதவர்கள் அதை அங்கே வைத்துக்கொள்ளலாம். பார்வைக்கு அழகில்லை, ஆனால் ஓடும்.

அறிகுறி: தூக்குக் கண் மூடியபின் தண்டவாளங்கள் பொருந்தவில்லை

இந்த மாதிரியின் உயிரும் தொல்லையும் இதுதான். சிகாகோவின் வில்லியம் ஷெர்சர் வகுத்த முறையில் அமைந்த இந்தக் கண், நடுவில் இரண்டு பாதிகளாகப் பிரிந்து திறக்கும்; இறக்கைகள் எனப்படும் அந்தப் பாதிகள் கீலில் சுழல்வதில்லை. வளைந்த அடியோடு, நாற்காலி பின்னால் சாய்வதுபோல, உருண்டு பின்னேறுகின்றன. நம்மில் பலர் எளிமைக்காகக் கீல் வைத்துவிடுகிறோம். கீல் வைத்தவர்களுக்கும் உருள விட்டவர்களுக்கும் பிழைகள் வேறு.

இறக்கையின் முனை மேலோ கீழோ நின்றால், எதில் அது வந்து முட்டி நிற்கிறது என்று பாருங்கள். சுழல்மையத்துக்கு 60 மில்லிமீட்டர் தள்ளி முட்டுக்கட்டை வைத்திருந்து, அதில் 0.2 மில்லிமீட்டர் பிழை இருந்தால், 394 மில்லிமீட்டர் தள்ளியுள்ள முனையில் அது 1.3 மில்லிமீட்டராகப் பெருகும். முட்டுக்கட்டையை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, தூணின் முன்விளிம்பில் வையுங்கள். அதை நுண்ணிய திருகாக அமைத்துவிட்டால் பருவத்துக்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். இரண்டு இறக்கைகளும் சந்திக்கும் முனையில் ஒன்றில் 2 மில்லிமீட்டர் பித்தளைக் குழாயும், மற்றதில் கூராக அரத்தால் தேய்த்த கம்பியும் பதித்தால், மூடும்போது ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டுப் பொருத்தத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை.

முனைகள் மேலும் கீழும் சரியாக இருந்து, நடுவில் இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் மாறினால், உருளும் அடிப்பகுதி வழுக்குகிறது. உண்மையான அமைப்பில் வளைந்த அடியும் அது உருளும் தளமும் பற்களாலும் குழிகளாலும் ஒன்றில் ஒன்று பொருந்தி வழுக்கலைத் தடுக்கின்றன. அந்தப் பற்களை இந்த அளவில் வெட்டுவதைவிட, வழுக்காத இரண்டு தூண்டில் நரம்புகளைக் குறுக்காகக் கட்டுவது மேல். ஒரு நரம்பைத் தளத்தின் முன்முனையிலிருந்து வளைவின் பின்முனைக்கும், மற்றொன்றைத் தளத்தின் பின்முனையிலிருந்து வளைவின் முன்முனைக்கும், இரண்டும் வளைவுக்கும் தளத்துக்கும் நடுவே படியுமாறு இழுத்துக் கட்டினால், இறக்கை உருளத்தான் முடியுமே தவிர வழுக்க முடியாது. நரம்பு படிவதற்கு மெல்லிய காடி வெட்டிவிடுங்கள்.

மூடும்போது இறக்கை சடாரென்று விழுந்தால் பின்பக்க எடை போதாது. மூடிய பின்னும் முனை மிதந்து நின்றால் எடை மிகுதி. ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரலை எடுத்தால் முனை தானாகவே மெல்ல அமரும் நிலையில் நிறுத்துங்கள். பாம்பனில் பழைய தூக்குக் கண்ணை ஆட்கள் கையால் இயக்கித்தான் திறந்தார்கள்; மாதிரியையும் ஒரு சிறு கைப்பிடியால் இயக்குவதே அழகு என்பது என் கருத்து. சர்வோ மோட்டார் வைப்பவர்கள் அதை இறக்கையோடு விறைப்பான கம்பியால் இணைக்காமல், சற்று வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் கம்பியால் இணைத்து, மூடிய பின் மோட்டாருக்கான மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையெனில் அது சரியான இடத்தைத் தேடி ஓயாமல் நடுங்கும்.

அறிகுறி: பூச்சின் மேல் வெண்படலம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மழைநாளில் ஸ்பிரே அடித்தால் ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெளுக்கும். காய்ந்த நாளில் மேலே மெல்லிய ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் மறையும். மூட்டுகளைச் சுற்றி மட்டும் வெண்துகள் படிந்திருந்தால் அது உடனடிப் பசையின் ஆவி. பசையைக் குறைத்து, காற்றோட்டத்தில் ஒட்டி, வண்ணம் பூசுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தெர்மாகோல் கரைமேட்டின் அருகே இவை இரண்டையுமே பயன்படுத்தாதீர்கள்; தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும்.

அறிகுறி: தூக்குக் கண் திறந்திருக்கும்போதும் வண்டி வந்துவிடுகிறது

இறக்கை முழுதாக அமர்ந்தால் மட்டும் அழுந்தும் சிறு சுவிட்சை ஒவ்வொரு முட்டுக்கட்டையின் அடியிலும் பொருத்தி, இருபுறக் கர்டர் கண்களின் தண்டவாளத்துக்குச் செல்லும் மின்சாரத்தை அவை இரண்டின் வழியாகவே அனுப்புங்கள். இரண்டில் ஒன்று அமராவிட்டாலும் இரு கரைகளிலும் மின்சாரம் வராது. எவ்வளவு நீளத்துக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பதைக் கணக்கிடாதீர்கள். நீண்ட நேர்த்தடத்தில் எஞ்சினை முழுவேகத்தில் ஓட்டி, மின்சாரத்தைத் துண்டித்து, அது எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று அளந்து, அதைவிட ஓரடி கூடுதலாக வையுங்கள். உள்ளே கனமான சுழல்சக்கரம் உள்ள எஞ்சின்கள் கணிசமான தூரம் ஓடும். டிஜிட்டல் எஞ்சின்களில் மின்சாரம் அற்றாலும் சில விநாடிகள் ஓட வைக்கும் கெப்பாசிட்டர் இருந்தால் இந்த ஏற்பாடு வேலை செய்யாது. அது தண்டவாளம் முடியும் வரை ஓடித் தரையில் விழும். அத்தகைய எஞ்சின்களுக்கு, இறக்கை மேலேறும்போது ஸ்லீப்பர்களுக்கு நடுவிலிருந்து எழும்பி, எஞ்சினின் கொக்கியைத் தடுத்து நிறுத்தும் ஒரு கம்பித்தடையை வாயிலுக்கு ஒரு சாண் முன்னதாகப் பொருத்திவிடுங்கள்.